கொடுத்த நிலமும் எடுத்த நிலமும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள வடலூருக்கு வருவோர் இருவகை நிலங்களைக் காணலாம். ஒன்று, இராமலிங்க அடிகளாரின் சத்திய ஞான சபையைச் சூழ்ந்து கிடக்கும் பெருவெளி. மற்றொன்று, அங்கிருந்து சில கல் தொலைவில் விரிந்து கிடக்கும் நெய்வேலிச் சுரங்க நிலம். முன்னது ஊர் மக்கள் மனமுவந்து கொடுத்த நிலம். பின்னது, பெரும்பகுதியும், அரசு சட்டத்தின் வலிமையால் எடுத்துக்கொண்ட நிலம். முன்னதில் ஏழைகளுக்கு உணவாக்கும் அணையா அடுப்பு எரிகிறது. பின்னதில் வெட்டிய கரியால் தென்னாட்டு வீடுகளில் விளக்கு எரிகிறது. இரண்டுமே பொதுநன்மைக்கு ஆன நிலங்கள்தாம்.

ஆயினும் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பழைய கேள்வி நின்றுகொண்டிருக்கிறது. ஒருவனுக்கு உரிய பொருளை, அவன் இசையாதபோதும், பலருடைய நன்மையின் பெயரால் எடுத்துக்கொள்ளும் உரிமை அரசுக்கு உண்டா? உண்டு எனின், உரிய தொகையைக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? சட்டம் இக்கேள்விக்குத் தன் விடையைச் சொல்லிவிட்டது. அறம் அதே விடையோடு நின்றுவிடுமா என்பதையே நாம் இங்கு ஆராய விழைகிறோம்.

கொடுத்தவரின் சொல்

1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் அடிகளார் வடலூரில் சத்திய தருமச் சாலையைத் தொடங்கினார். அதற்கான நிலத்தைப் பார்வதிபுரம் என்னும் சிற்றூரின் மக்கள் அளித்தனர். ஏறத்தாழ 80 காணி. இன்றைய கணக்கில் நூறு ஏக்கருக்குச் சற்று மிகுதி. அவர்கள் பெருஞ்செல்வர் அல்லர், உழுது உண்டவர்கள். பசித்தவருக்குச் சோறிட ஓரிடம் வேண்டும் என்று ஒருவர் கேட்டார், அவர்கள் கொடுத்தார்கள். ஐந்தாண்டு கழித்து, 1872ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று, அந்நிலத்திலேயே ஞான சபையும் எழுந்தது. இன்றளவும் தைப்பூசத்தன்று சோதி காண வரும் பல்லாயிரவர் அந்தப் பெருவெளியில்தான் நிற்கிறார்கள்.

நிலத்தைக் கொடுப்பவன் மண்ணோடு ஒரு சொல்லையும் சேர்த்தே கொடுக்கிறான். இன்னதற்காகக் கொடுக்கிறேன் என்பதே அச்சொல். நம் சமுதாயத்தார்க்கு இது புதிய செய்தியன்று. கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்யலாம் என்று உமர் (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் பலனை அறத்துக்கு விடலாம் என்று வழி காட்டப்பட்டது. விற்கவும், கொடையாகக் கைமாற்றவும், வாரிசுகள் பங்கிடவும் இயலாத வக்பு முறைக்கு அந்நிகழ்ச்சியே முன்மாதிரி ஆயிற்று. பின்வந்த சட்ட மேதைகள், வக்பு செய்தவர் விதித்த நிபந்தனைக்குச் சட்ட வாசகத்துக்கு நிகரான மதிப்பைத் தந்தார்கள். கொடுத்தவர் மறைந்த பின்னும் அவர் சொல் அந்த மண்ணைக் காத்து நிற்கிறது.

இக்கருத்து ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில், வள்ளலார் பன்னாட்டு மையம் ஒன்றைப் பெருவெளியில் அமைக்கத் தமிழ்நாட்டு அரசு ஏறத்தாழ 100 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது. அடிகளாரின் பெயரை உலகறியச் செய்வதே நோக்கம் என்றது அரசு. பார்வதிபுரம் மக்களோ எதிர்த்து நின்றனர். எங்கள் முன்னோர் கொடுத்தது மக்கள் கூடும் வெட்டவெளிக்காகவே. அவ்வெளி குறையக்கூடாது என்பது அவர்கள் வாதம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புரைப்பது நம் பணியன்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 157 ஆண்டுகளுக்கு முன் கொடுக்கப்பட்ட நிலத்தைப் பற்றி, கொடுத்தவர்களின் வழித்தோன்றல்கள் வந்து நின்று, எதற்காகக் கொடுத்தோம் என்று நினைவூட்ட முடிகிறது. உடைமை போயிற்று, சொல் போகவில்லை.

எடுத்த கதை

இனி, மற்றைய நிலத்துக்கு வருவோம். 1930களின் நடுவில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அவர் அதை அரசுக்குத் தெரிவித்தார். ஆய்வுகள் பல நடந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் கரிப்படலம் கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் சோவியத்து நாட்டின் துணையோடு அமைந்த அனல் நிலையத்திலிருந்து மின்சாரம் பிறந்தது.

பழுப்பு நிலக்கரியை எலிவளை போன்ற சுரங்கம் அமைத்து எடுப்பதில்லை. மேலே பல பத்து மீட்டர் உயரத்துக்குக் கிடக்கும் மண்ணை முழுவதும் அகற்றியே கரியை அடைய வேண்டும். கரிக்கு அடியிலோ பேரழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருந்தாலன்றிச் சுரங்கம் நீரில் மூழ்கிவிடும். ஆகவே இங்கு மேலே ஊர் இருக்கக் கீழே சுரங்கம் இருத்தல் இயலாது. ஊர் பெயர வேண்டும். வயல் போக வேண்டும். குளமும், கோயிலும், இடுகாடும் போக வேண்டும்.

இப்படி எடுப்பதற்கு அரசின் கையில் இருந்த கருவி 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம். வெள்ளையர் ஆட்சி தன் தேவைக்கென இயற்றிய அச்சட்டம் விடுதலைக்குப் பின்னும் 66 ஆண்டுகள் நம்மை ஆண்டது. அதன் 6ஆம் பிரிவில் ஒரு விதி உண்டு. ஒரு நிலம் பொது நோக்கத்துக்குத் தேவை என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பே அத்தேவைக்கு முடிந்த முடிபான சான்று. எடுப்பவனும் அரசு, எடுப்பது நியாயம் என்று சான்று தருவதும் அரசு. நில உரிமையாளன் தன் மறுப்பைச் சொல்ல ஒரு வாய்ப்பேனும் வேண்டும் என்று 5ஏ பிரிவு சேர்ந்ததே 1923இல்தான். அவசரம் என்று அரசு கருதினால் அந்த வாய்ப்பையும் விலக்கிவிட 17ஆம் பிரிவு இடம் தந்தது.

இவ்விடத்தில் அடிகளாரையே நினைத்துப் பார்க்கலாம். மனுநீதிச் சோழன் கதையை உரைநடையில் அவர் எழுதிய மனுமுறை கண்ட வாசகம் 1854இல் வெளிவந்தது. கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலின் ஆராய்ச்சி மணியை அசைத்தது என்பது கதை. பட்டா இல்லாத, பேசவும் தெரியாத ஓர் உயிருக்கும் முறையீட்டு உரிமை இருந்தது. அம்முறையீடு அரசனின் சொந்த மகனுக்கு எதிராகவே கேட்கப்பட்டது. கதைதான் எனினும், சட்டம் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு அது சாட்சி. தீர்ப்பு பிறகு, செவி கொடுத்தல் முதலில்.

எடுக்கலாமா?

எடுப்பதே தவறு என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்வோர் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு சாலை நூறு வயல்களின் வழியே போக வேண்டும் எனில், 99 பேர் இசைந்து ஒருவர் மறுத்தால் சாலை நின்றுவிடும். அந்த ஒருவர் தம் மறுப்பையே மூலதனமாக்கிப் பத்து மடங்கு விலை கேட்கவும் கூடும். மருத்துவமனை, அணை, குடிநீர்க் குழாய் யாவற்றுக்கும் இது பொருந்தும். நெய்வேலி மின்சாரம் எத்தனை கிராமங்களில் நீரிறைத்தது, எத்தனை பிள்ளைகளுக்குப் படிக்க ஒளி தந்தது என்பதை மறக்க முடியாது. டச்சு நாட்டுச் சட்ட மேதை குரோஷியஸ் 1625இல் வெளியிட்ட தம் நூலில், குடிமக்களின் உடைமை மீது அரசுக்கு ஒரு மேலுரிமை உண்டு என்று வாதிட்டார். ஆனால் பொதுநன்மை கருதியே அதனைக் கையாளலாம் என்றும், இழந்தவனுக்குப் பொதுநிதியிலிருந்து ஈடு செய்ய வேண்டும் என்றும் அவரே வரையறுத்தார். ஆங்கில மெய்யறிஞர் லாக் இன்னும் கடுமையானவர். உடைமையைக் காக்கவே மனிதர் அரசை அமைத்தனர்; ஆதலால் அவர் இசைவின்றி அரசு அதைத் தொடலாகாது என்பது அவர் கொள்கை. எனினும் பெரும்பான்மையின் இசைவையே ஒவ்வொருவரின் இசைவாகக் கொள்ளலாம் என்று அவரும் ஒரு கதவைத் திறந்து வைத்தார். அந்தக் கதவின் வழியேதான் மக்களாட்சி அரசுகள் எல்லாம் நுழைகின்றன.

நம் வரலாறும் இக்கேள்வியைச் சந்தித்திருக்கிறது. மதீனாவில் பள்ளிவாசலுக்கெனத் தேர்ந்த இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவருக்கு உரியது. இலவசமாகத் தர அவர்கள் முன்வந்தும், விலை கொடுத்தே அண்ணலார் அதைப் பெற்றார்கள். எளியவர் கொடுக்க முன்வந்தாலும் வலியவர் பெறும்போது எச்சரிக்கை வேண்டும் என்னும் பாடம் அதில் இருக்கிறது. பின்னர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் மக்காவின் புனிதப் பள்ளியை விரிவாக்க நேர்ந்தபோது, சுற்றியிருந்த வீடுகளை விலைக்கு வாங்கினார்கள். சிலர் விற்க மறுத்தனர். அவர்களுடைய வீடுகளும் இடிக்கப்பட்டன. அவற்றின் விலை கஅபாவின் கருவூலத்தில் வைக்கப்பட்டு, பின்னர் அவர்களால் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மதீனாவிலோ, பள்ளியை ஒட்டிய அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டை அதே கலீஃபா கேட்டபோது, அவர் மறுத்தார். வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் முன் சென்றது. ஆட்சித் தலைவர் தாமே ஒரு தரப்பாக நின்றார், தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது, அவர் பணிந்தார். வென்ற பிறகு அப்பாஸ் அவர்கள் வீட்டை விலையின்றியே கொடுத்துவிட்டார்கள்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். பொதுத்தேவைக்கு எடுக்கலாம் என்பதற்கு முன்னது சான்று. எடுப்பவரே நடுவராகவும் இருத்தல் ஆகாது என்பதற்குப் பின்னது சான்று. மறுக்கும் உரிமை மதிக்கப்பட்ட இடத்தில், எடுக்க வேண்டியிருந்த நிலம் கொடுத்த நிலமாக மாறிற்று என்பதையும் நாம் காண்கிறோம்.

விலை என்பது எது?

நில எடுப்பைப் பற்றிய வாதங்கள் யாவும் ஈற்றில் தொகையில் வந்து முட்டுகின்றன. ஏக்கருக்கு எவ்வளவு? கொடுத்தது போதுமா? தொகை முக்கியந்தான். ஆனால் விலை என்ற சொல்லையே சற்று நின்று பார்க்க வேண்டும். சந்தையில் ஒரு பொருளுக்கு விலை உண்டாவது எப்படி? விற்பவன் வேண்டாம் என்று சொல்லக் கூடியவனாய் இருப்பதால். மறுக்க முடிந்தும் அவன் இசைகிறான். அந்த இசைவே தொகையை விலை ஆக்குகிறது. மறுக்க முடியாதவனுக்குத் தரும் தொகை எவ்வளவு பெரிதாயினும் அது விலை ஆகாது. இழப்புக்குத் தரும் ஈடே ஆகும். விலை கொடுத்தவன் கடனாளி அல்லன். ஈடு கொடுத்தவனோ, தான் ஒருவனுக்கு இழப்புச் செய்தவன் என்பதை அந்தக் கொடையாலேயே ஒப்புக்கொள்கிறான்.

நம் நாட்டுச் சட்டத்தின் பயணம் இந்த உண்மையை அரைகுறையாக உணர்ந்து வந்த கதையாகவே இருக்கிறது. அரசியலமைப்பு பிறந்தபோது சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்தது. மேற்கு வங்கத்தில் அகதிகளைக் குடியமர்த்த எடுத்த நிலத்துக்கு 1946ஆம் ஆண்டு விலையே உச்சவரம்பு என்று ஒரு சட்டம் விதித்தது. பெலா பானர்ஜி வழக்கில் 1953இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, இழப்புக்குச் சரியான ஈடு தர வேண்டும் என்றது. உடனே 1955இல் அரசியலமைப்பைத் திருத்தி, ஈடு போதுமானதா என்று நீதிமன்றம் கேட்கலாகாது என்று செய்தார்கள். 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்தே நீக்கி, 300ஏ என்னும் தனி உறுப்பில் வைத்தது. இத்திருத்தங்களுக்குப் பின்னால் நல்ல நோக்கமும் இருந்தது. ஜமீன்களை ஒழித்து உழுபவனுக்கு நிலம் தர முயன்ற காலம் அது. ஆனால் ஜமீன்தாரின் ஆயிரம் ஏக்கரை நோக்கித் தீட்டிய வாள், சிறு விவசாயியின் இரண்டு ஏக்கரையும் வெட்டிற்று. பெருவுடைமையும் வாழ்வுடைமையும் ஒன்றல்ல என்பதைச் சட்டம் பிரித்தறியவில்லை.

சந்தை மதிப்புக்கு மேல் ஆறுதல் தொகை என்று ஒன்றைப் பழைய சட்டம் வைத்திருந்தது. கட்டாயமாக எடுப்பதற்காகத் தரும் கூடுதல் அது. நூற்றுக்கு 15ஆக இருந்ததை 1984இல் 30 ஆக்கினார்கள். 2013ஆம் ஆண்டின் புதிய நில எடுப்புச் சட்டம் அதை 100 ஆக்கிற்று. புதிய சட்டம் வேறு சில நல்ல வழிகளையும் திறந்தது. எடுக்கும் முன் சமூகத் தாக்கத்தை மதிப்பிட வேண்டும். நிலம் இல்லாதவராயினும், மூன்றாண்டுகளாக அந்நிலத்தை நம்பிப் பிழைத்த கூலியாளும் குத்தகையாளும் பாதிக்கப்பட்டவர் என்றே கொள்ளப்படுவர். முந்திய சட்டம் பட்டாவைப் பார்த்தது. இது மனிதனைப் பார்க்க முயன்றது. தனியார் நிறுவனங்களுக்கு எடுப்பதாயின் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் இசைவு வேண்டும். ஆனால் அரசு நிறுவனங்களுக்கு அவ்விதி இல்லை.

தமிழ்நாடோ தனக்கென ஒரு புறவழி அமைத்துக்கொண்டது. தொழில் நோக்கத்துக்கென 1997இல் இயற்றிய தன் நில எடுப்புச் சட்டத்தையும் வேறு இரண்டையும் புதிய சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கிற்று. ஈட்டுத் தொகை புதிய சட்டத்தின்படியே என்று ஏற்றுக்கொண்டு, சமூகத் தாக்க மதிப்பீடு போன்ற நடைமுறைகளை மட்டும் விட்டுவிட்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அம்மூன்றையும் செல்லாதவை என்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் அவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த உயிர்ப்பை ஏற்றுக்கொண்டது. சட்டமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் விலக்கப்பட்டது எது என்று பாருங்கள். பணத்தைக் குறைக்கவில்லை, கேட்டலைக் குறைத்தார்கள். தொகை தந்தால் போதும், செவி தர வேண்டியதில்லை என்னும் எண்ணமே அதில் வெளிப்படுகிறது.

வளையமாதேவியின் நெல்

2023 ஜூலை மாத இறுதியில் இக்கேள்வி வடலூருக்குத் தெற்கே வளையமாதேவி வயல்களில் வந்து நின்றது. பரவனாற்றை மாற்றுப்பாதையில் திருப்பும் கால்வாய்க்காக, நெற்பயிர் நின்ற நிலத்தில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. பச்சைப் பயிர் மண்ணோடு புரட்டப்பட்ட படங்களைக் கண்டு தமிழகமே பதறிற்று.

நிறுவனத்தின் தரப்பை நேர்மையோடு சொல்ல வேண்டும். அந்நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே சட்டப்படி எடுக்கப்பட்டு, தொகையும் தரப்பட்டது. பயிர் செய்ய வேண்டாம் என்றும் முன்னரே சொல்லப்பட்டது. மழைக்காலத்துக்குள் கால்வாய் முடியாவிடில் வெள்ளம் சுரங்கத்துக்குள் புகும் என்பன அதன் வாதங்கள். உழவர் தரப்பும் உண்டு. எடுத்ததாகச் சொன்ன நிலம் ஆண்டுக்கணக்காக அவர்கள் கையிலேயே இருந்தது. அவர்கள் உழுதார்கள், விதைத்தார்கள், அறுத்தார்கள். தந்த தொகை மிகக் குறைவு, வேலை தருவதாகச் சொன்ன சொல் நிறைவேறவில்லை என்பன அவர்கள் குறைகள். வழக்கைக் கேட்ட சென்னை உயர் நீதிமன்றம், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது.

இந்த 40,000 ரூபாய் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நிலம் நிறுவனத்துக்கு உரியது என்றால், அதில் அயலார் இட்ட பயிருக்கு ஈடு எதற்கு? உடைமைச் சட்டத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இக்கேள்விக்கு விடையில்லை. ஆனால் நீதிமன்றம் உணர்ந்த ஒன்று உண்டு. பட்டாவின் காலம் வேறு. பயிரின் காலம் வேறு. ஏட்டில் நிலம் கைமாறிய நாளிலிருந்து உழவனின் கை மண்ணை விட்டுப் போகும் நாள் வரை ஒரு நீண்ட இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் வளர்ந்தது நெல் மட்டுமன்று. நியாயமான ஓர் எதிர்பார்ப்பும் வளர்ந்தது. எடுத்தவன் உடனே பயன்படுத்தாமல் வைத்திருப்பது, அவசரத் தேவை என்று சொன்ன அவன் சொல்லையே பலவீனமாக்குகிறது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 300ஏ உறுப்பினுள் அடங்கிய ஏழு உரிமைகளை எடுத்துக் கூறியது. முன்னறிவிப்பு, கேட்கப்படுதல், காரணம் கூறிய முடிவு, பொது நோக்கம், நியாயமான ஈடு ஆகியவற்றோடு, காலத்தே நடத்துதலும் நடவடிக்கையை முற்றுப்பெறச் செய்தலும் அவற்றுள் அடங்கும். எடுக்கும் செயல் இழுத்துக்கொண்டே போவதும் ஓர் அநீதி என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

எடுத்தவரின் சொல்

இப்போது நாம் கூற விழையும் முடிவுக்கு வருகிறோம். கொடுத்த நிலத்தில் கொடுத்தவரின் சொல் தங்கி நிற்கிறது என்று கண்டோம். எடுத்த நிலத்திலும் ஒரு சொல் இருக்கிறது. அது எடுத்தவரின் சொல். பொது நோக்கத்துக்காக எடுக்கிறேன் என்று அரசு அரசிதழில் வெளியிடுகிறதே, அது வெறும் நடைமுறை அறிவிப்பு அன்று, ஒரு வாக்குறுதி. அந்தச் சொல் இல்லையேல் எடுத்தல் பறித்தலாகிவிடும். எடுத்தலுக்கு நியாயம் தருவது அச்சொல் ஒன்றே எனின், நியாயம் நீடிக்கும் வரை சொல்லும் நீடிக்க வேண்டும். வக்பு செய்தவரின் நிபந்தனை வக்பு நிலத்தைக் கட்டுவதுபோல், எடுத்தவரின் அறிவிப்பு எடுத்த நிலத்தைக் கட்ட வேண்டும்.

அந்தச் சொல் கைவிடப்பட்டால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகரம், ஊர் வளர்ச்சிக்கென்று வீடுகளை எடுத்தது. கீலோ என்னும் பெண்மணி எதிர்த்து வழக்காடினார். 2005இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. திட்டமோ நிறைவேறவில்லை, எடுத்த இடம் பல்லாண்டு வெறும் புல்தரையாய்க் கிடந்தது. சட்டம் வென்றது, அதற்கு நியாயம் தந்த சொல் தோற்றது.

நெய்வேலியில் அப்படி நேரவில்லை, மின்சாரம் வந்தது. ஆனால் அங்கே வேறொரு கேள்வி காத்திருக்கிறது. கரி ஒருநாள் தீரும். 1962இல் ஒளி தந்த முதல் அனல் நிலையம் 2020இல் தன் பணியை முடித்துக்கொண்டது. கரி எடுத்து முடிந்த குழிகளை மண்ணிட்டு மூடி மரங்களும் வளர்த்திருக்கிறார்கள். அந்த மண் இனி யாருக்கு உரியது? ஐந்தாண்டு பயன்படுத்தாமல் கிடந்தால் நிலத்தைப் பழைய உரிமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ திருப்ப வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 101ஆம் பிரிவு கூறுகிறது. பயன்பட்டு முடிந்த நிலத்தைப் பற்றி அது பேசவில்லை. கரிக்காக எடுத்தோம் என்றால், கரி தீர்ந்த அன்று அந்தச் சொல்லும் தீர்கிறது. அதற்குப் பின் அந்நிலத்தை வைத்திருக்கும் உரிமையும், இழந்தவரின் பேரப் பிள்ளைகளைக் கேட்டே பயன்படுத்தும் கடமையும் ஒன்றாய்ப் பிறக்கின்றன என்பதே நம் கருத்து.

இச்சொல் எடுத்தவரை வேறொரு வகையிலும் கட்டுகிறது. பொது என்பதற்குள் இழந்தவனும் அடங்க வேண்டும். ஊருக்கெல்லாம் நன்மை, ஒருவனுக்கு மட்டும் நட்டம் எனின், அந்த ஒருவன் ஊரைச் சேர்ந்தவன் அல்லன் என்று ஆகிவிடும். அறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதிய தம் முகத்திமாவில், மக்களின் உடைமை மீது கைவைக்கும் அநீதி நாகரிகத்தையே அழிக்கும் என்றார். பறிபோகும் என்ற எண்ணம் பரவினால் உழைக்கும் ஊக்கம் மங்கும் என்பது அவர் காட்டிய காரணம். சுரங்கத்தின் ஓரத்து ஊரில், அடுத்த எல்லைக்கல் எப்போது தன் வயலுக்கு வருமோ என்று காத்திருப்பவன் கிணறு வெட்டுவானா? தென்னை வைப்பானா? எடுக்கும் முன்பே நிலம் ஒரு பாதி எடுக்கப்பட்டுவிடுகிறது. 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ளதையும் சேர்த்து மூன்று நிலக்கரித் தொகுதிகளை ஏலத்திலிருந்து ஒன்றிய அரசு விலக்கியது, பொது நோக்கம் என்பது தட்டில் வைத்து நிறுக்கத்தக்க ஒன்றே என்பதைக் காட்டிற்று. ஒருபுறம் கரி, மறுபுறம் நெல் என்று நிறுத்த பிறகு, நெல்லின் தட்டுத் தாழ்வதும் கூடும்.

ஆகவே சட்டத்திடம் நாம் கேட்பன அரியவை அல்ல. எடுக்கும் முன் கேட்க வேண்டும். கேட்பவர் எடுப்பவராய் இருத்தல் கூடாது. நிலத்தின் ஈட்டோடு, உழவனுக்கும் கூலியாளுக்கும் வாழ்வின் ஈடும் தர வேண்டும். நிலம் வருவாயைத் தலைமுறைதோறும் தருவது, பணமோ ஒரு தலைமுறையில் கரைவது. எந்த நோக்கத்துக்கு எடுத்தோமோ அது நிறைவேறியதா, முடிந்ததா என்று குறித்த காலத்தில் கணக்குக் காட்ட வேண்டும்.

சட்டத்திடம் கேட்பதோடு நம் பங்கு முடிந்துவிடாது. நம்முள் பலர் பள்ளிவாசலுக்கோ மதரஸாவுக்கோ முன்னோர் விட்டுச் சென்ற வக்பு நிலங்களின் பொறுப்பில் இருக்கிறோம். கொடுத்தவர் சொல்லை அங்கே நாம் காக்கிறோமா? வளைந்த எல்லைச் சுவரை நேராக்க அண்டை வீட்டு விதவையின் நிலத்தில் ஓரடி கேட்கும்போது, அவர் மறுக்க முடிந்தவராகவே நம் முன் நிற்கிறாரா? அரசுக்கு நாம் சொல்லும் நியாயம் இவ்விடங்களில் நமக்கும் பொருந்தும்.

மாலையில் வீட்டில் விளக்கேற்றும் ஒவ்வொருவரும் யாரோ ஓர் உழவனின் நிலத்துக்குக் கடன்பட்டிருக்கிறோம். மின்கட்டணம் செலுத்துவது மின்சாரத்துக்குரிய விலை. நிலத்தைக் கொடுத்தவனுக்கு நன்றி சொல்லலாம். எடுக்கப்பட்டவனுக்கு நன்றி சொல்ல இயலாது, அவன் கொடுக்கவில்லையே! அவனுக்கு நாம் தரக்கூடியது, எதன் பெயரால் எடுத்தோமோ அந்தச் சொல்லை மறவாதிருப்பது. அவன் ஊரின் பெயர் வரைபடத்திலிருந்து மறைந்த பின்னும் அச்சொல் நம்மைக் கட்டும்.